33 இன்ச் வேண்டாம் தம்பி

போன வாரம் நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். லீஹை வீட்டு வாசலில் சிவப்பு போலாரிஸ் ஆர்இசட்ஆர் எக்ஸ்பி 1000 நிற்கிறது. செகண்ட் ஹேண்ட் என்று சொல்லவே முடியாது, அவ்வளவு சுத்தம். கீழே ஒரு வரி: "அக்கா, 33 இன்ச் டயர் ஆஃபர்ல இருக்கு, நாலும் ஆர்டர் போட்டுடவா?" போனிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று விளக்க அப்போது நேரமில்லை, சின்னவளை நீச்சலுக்குக் கூட்டிப் போகவேண்டியிருந்தது. நீயும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய் என்று உன் குரலிலேயே தெரிந்தது. அதனால்தான் உட்கார்ந்து முழுசாக எழுதுகிறேன். இந்த வண்டி வாங்கிய மற்ற தம்பி, தங்கைகளுக்கும் இது உதவட்டும்.

அம்மாவிடம் போட்டோவைக் காட்டினேன். "இது ஜீப்பா, டிராக்டரா?" என்றாள். ரெண்டும் இல்லை. ரெண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் சீட், கார் மாதிரி ஸ்டீயரிங், தலைக்கு மேலே இரும்புக் குழாயில் ஒரு கூண்டு, கண்ணாடி கிடையாது, கதவு பேருக்கு. பாறையிலும் மணலிலும் மலைப் பாதையிலும் போவதற்கென்றே செய்த வண்டி. பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதால்தான் சைடு-பை-சைடு என்ற பெயர். யுடிவி என்றும் சொல்வார்கள். நீ இருக்கும் யூட்டாவிலும் நாங்கள் இருக்கும் அரிசோனாவிலும் சனிக்கிழமை ஆனால் டிரெய்லரில் இதை ஏற்றிக்கொண்டு கிளம்பாத தெருவே இல்லை.

பெரிய டயர் மேல் ஆசை வருவது தப்பே இல்லை. லிஃப்ட் கிட் போட்டால் வண்டியின் வயிறு மட்டும்தான் உயரும். சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைகளின் நுனி அதே உயரத்தில்தான் இருக்கும், பாறை வந்தால் அங்கேதான் இடிக்கும். எல்லாவற்றையும் ஒருசேரத் தூக்குவது டயர் ஒன்றுதான். பள்ளத்தில் விழாமல் தாண்டும். பாறையின் விளிம்பில் ஏறுவதும் சுலபம். ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. டயரின் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதிதான் தரைக்கும் வண்டிக்கும் நடுவில் கூடும். உன் வண்டிக்குக் கம்பெனி போட்டது 29 இன்ச். 33 போட்டால் நாலு இன்ச் கூடுகிறது, உனக்குக் கிடைப்பது ரெண்டு இன்ச். அந்த ரெண்டு இன்ச்சுக்கு என்ன கொடுக்கப் போகிறாய் என்று பார்.

ஒரு சுற்றில் 29 இன்ச் டயர் 91 இன்ச் தூரம் உருளும். 33 இன்ச் டயர் கிட்டத்தட்ட 104 இன்ச் உருளும். என்ஜின் அதே என்ஜின், கியர் அதே கியர். ஒவ்வொரு சுற்றிலும் 14 சதவீதம் கூடுதல் தூரத்தை அது இழுத்தாக வேண்டும். சைக்கிளில் மேட்டில் ஏறும்போது பின்னால் சின்னப் பல் சக்கரத்துக்கு மாற்றினால் கால் எப்படி வலிக்கும்? அதேதான். தரையில் கிடைக்கும் இழுவை சுமார் 12 சதவீதம் குறையும். இதோடு உயரம் வேறு. டர்போ இல்லாத என்ஜின் ஆயிரம் அடி மேலே போகப் போக 3 சதவீதம் போலச் சக்தி இழக்கும். மோவாப் ஊரே 4,000 அடியில் இருக்கிறது. உன் வண்டியில் டர்போ இல்லை. ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும்: அது 50 காட்டும்போது நீ 57-இல் போய்க்கொண்டிருப்பாய்.

எடையும் உண்டு. அளவு கூடக்கூட ஒவ்வொரு டயரும் ஐந்து, பத்து பவுண்ட் கூடும். அந்த எடை சீட்டுக்குப் பின்னால் வைக்கிற தண்ணீர்க் கேன் மாதிரி சும்மா இருக்காது. அச்சிலிருந்து தள்ளி, விளிம்பில் சுற்றுகிற எடை அது. கிளம்பும்போது என்ஜினுக்குச் சுமை, நிற்கும்போது பிரேக்குக்குச் சுமை, குதிக்கும்போது ஷாக்குக்குச் சுமை. வீல் பேரிங்கும் பால் ஜாயின்ட்டும் சீக்கிரம் தேயும். வாங்குவதற்கு முன்னால் டயர் கம்பெனியின் அட்டவணையில் எடை என்ன என்று கட்டாயம் பார். ஒரே அளவில் ரெண்டு பிராண்டுக்கு நடுவில் பெரிய வித்தியாசம் இருக்கும். எடை குறைந்ததை எடு.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் நாங்களும் இதே ஆசையில் 28-லிருந்து ஒரேயடியாக 32-க்குப் போனோம். கடையில் "தாராளமா உட்காரும்" என்றார்கள். உட்கார்ந்தது. ஊரைச் சுற்றி ஓட்டியபோது ஒரு குறையும் இல்லை. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரவுன் கிங்குக்குக் கிளம்பினோம். பீனிக்ஸுக்கு வடக்கே பிராட்ஷா மலையில் 5,700 அடி உயரத்தில் இருக்கிற சின்ன ஊர். பின்பக்கப் பாதை கற்களும் ஏற்றமுமாகப் போகும். பாதி வழியில் ரப்பர் கருகுகிற வாடை வந்தது. முன்னால் போகிற வண்டியின் பிரேக் என்று உன் மாமா நினைத்தார். முன்னால் வண்டியே இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் சீட்டுக்குப் பின்னால் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். என்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. பெல்ட் போய்விட்டது.

கவரைக் கழற்றலாம் என்று கை வைத்தால் அரை மணி நேரம் தொடவே முடியவில்லை, அவ்வளவு சூடு. ஆறியதும் திறந்தோம். உள்ளே பெல்ட் இல்லை, உரித்த தேங்காய் நார் மாதிரி கறுப்பு நூல் சுருள் சுருளாக ரெண்டு புல்லியிலும் சுற்றிக் கிடந்தது. மாமா ஒவ்வொரு நூலாகப் பிடுங்கினார். பெரியவள் டார்ச் பிடித்தாள், சின்னவள் நிழலைத் தேடிப் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை லிட்டர் தண்ணீர் மிச்சம். போனில் ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. ஸ்பேர் பெல்ட் இருந்ததால் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அந்தப் பிள்ளைகளின் முகம் இன்னும் எனக்குக் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அதனால்தான் உனக்கு இவ்வளவு நீட்டி முழக்குகிறேன். உன் வீட்டிலும் ஒன்றரை வயசில் ஒருத்தன் இருக்கிறான்.

பெல்ட் ஏன் போனது என்று புரிந்துகொள். நீ காலேஜுக்கு ஓட்டிப்போன ஸ்கூட்டியில் கியர் கிடையாது, ஞாபகம் இருக்கிறதா? உள்ளே ரெண்டு புல்லி, நடுவில் ஒரு ரப்பர் பெல்ட். வேகத்துக்கு ஏற்றபடி புல்லி விரியும், சுருங்கும். உன் ஆர்இசட்ஆரிலும் அதே ஏற்பாடுதான், அளவுதான் பெரிசு. ஹோண்டா டேலன், யமஹா ஒய்எக்ஸ்இசட் மாதிரி சிலவற்றில்தான் பெல்ட் கிடையாது, நிஜமான கியர். மற்ற வண்டிகள் அநேகமாக எல்லாம் பெல்ட்தான். கனமான பெரிய சக்கரத்தை மெதுவான வேகத்தில் மேட்டில் உருட்டச் சொன்னால் புல்லி பெல்ட்டைப் போதிய அளவு இறுக்கிப் பிடிப்பதற்கு முன்னாலேயே சுமை ஏறிவிடுகிறது. பெல்ட் வழுக்கும். வழுக்கினால் சூடு, சூடு ஏறினால் ரப்பர் இளகும், இளகினால் இன்னும் வழுக்கும். நாங்கள் செய்த இன்னொரு தப்பு, அந்த ஏற்றத்தில் ஹை கியரிலேயே போனது. கற்பாதையில் மனுஷன் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து போகும்போதெல்லாம் லோ போட்டுவிடு. டயர் பெரிசானால் இதில் சமரசமே கூடாது. ரெண்டு சைஸுக்கு மேல் ஏற்றுகிறாய் என்றால் கிளட்ச் கிட்டும் சேர்த்து வாங்கவேண்டும். புல்லிக்குள் இருக்கும் வெயிட்டையும் ஸ்பிரிங்கையும் புது டயருக்கு ஏற்றபடி மாற்றுவதுதான் அது. அந்தப் பணத்தையும் கணக்கில் சேர்த்துவிட்டுச் சொல், ஆஃபர் இன்னும் ஆஃபராகத் தெரிகிறதா என்று.

நீ முதலில் கேட்கவேண்டிய கேள்வி எவ்வளவு பெரிசு என்பது இல்லை, எங்கே ஓட்டப்போகிறாய் என்பது. மாசத்துக்கு ரெண்டு முறை மோவாப், நடுவில் எப்போதாவது சாண்ட் ஹாலோ, வருஷத்துக்கு ஒரு தடவை லிட்டில் சஹாரா மணல்மேடு என்று சொன்னாய். அப்படியானால் உனக்குப் பெரும்பாலும் பாறை. மோவாபில் ஹெல்ஸ் ரிவெஞ்ச் பாதையைப் பார்த்திருப்பாய், செம்மண் நிறத்தில் மணற்கல் யானை முதுகு மாதிரி உருண்டு கிடக்கும். ஸ்லிக்ராக் என்று பெயர், வழுக்குப் பாறை. ஈரமில்லாதபோது ரப்பருக்கு அது வழுக்கவே வழுக்காது, உப்புத்தாள் மாதிரி பிடிக்கும். அங்கே டயரின் பட்டன் எவ்வளவு ஆழம் என்பதில் லாபம் இல்லை. ரப்பர் எவ்வளவு மிருது, தரையில் எவ்வளவு பரப்பு படுகிறது என்பதுதான் கணக்கு. பட்டன்கள் நெருக்கமாக, தட்டையாக, அகலமாக இருக்கிற டயர் வேண்டும்.

நீ அனுப்பிய ஆஃபரைப் பார்த்தேன். அது சேற்று டயர். பட்டன் ஒவ்வொன்றும் ரெண்டு இன்ச் ஆழம், நடுவில் அகல அகலமாக இடைவெளி. டெக்ஸாஸிலும் லூசியானாவிலும் இடுப்பளவு சேற்றில் வண்டியை இறக்குகிறவர்களுக்கு அதுதான் உயிர். சேற்றை வாரி வெளியே எறிந்துகொண்டே போகும். கல்லில் கொண்டுவந்து ஓட்டினால் பல் ஆடுகிற மாதிரி வண்டி முழுக்க அதிரும், பட்டன் ஓரங்கள் துண்டு துண்டாகப் பிய்ந்து போகும், எடையோ எல்லா வகையையும் விட அதிகம். யூட்டாவில் உனக்குச் சேறு எங்கே இருக்கிறது?

மணலுக்கு வேறு நியாயம். கலிஃபோர்னியாவில் கிளாமிஸ் மணல்மேட்டுக்கு வருகிறவர்கள் பின்னால் துடுப்பு வைத்த டயரைப் போடுவார்கள், படகுத் துடுப்பு மாதிரியே குறுக்கே பட்டை பட்டையாக இருக்கும். மணலைத் தவிர வேறு எதற்கும் உதவாது. வருஷத்துக்கு ஒரு தடவை போகிற லிட்டில் சஹாராவுக்காக அதை வாங்கி வைக்காதே, காற்றைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு இருக்கிற டயரிலேயே ஓட்டு.

இனி எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள். கார் டயர் மாதிரி மில்லிமீட்டரும் சதவீதமும் கலந்து குழப்பாது. 30x10ஆர்14 என்றால் மொத்த உயரம் 30 இன்ச், அகலம் 10 இன்ச், ரிம் 14 இன்ச். ஆர் இருந்தால் ரேடியல், சொகுசாக ஓடும், கல்லின் மேல் நன்றாக வளைந்துகொடுக்கும். ஆர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு இருந்தால் பையஸ் பிளை. அச்சிட்ட உயரத்தை அப்படியே நம்பாதே. 32 என்று போட்ட டயரை ரிம்மில் மாட்டி, காற்றடித்து அளந்தால் பல நேரம் அதைவிடக் குறைவாகத்தான் வரும். ரெண்டு பிராண்ட் 30-ஐ ஒரே வண்டியில் கலக்காதே என்று சொல்வது இதனால்தான். நாலு சக்கரமும் இழுக்கும்போது ஒன்றுக்கொன்று உயரம் மாறினால் டிஃபரன்ஷியல்தான் அடிவாங்கும். மாற்றினால் நாலையும் சேர்த்து மாற்று.

அப்புறம் பிளை. 6 பிளை, 8 பிளை, 10 பிளை என்று இருக்கும். உள்ளே நிஜமாக எட்டு அடுக்கு இருக்கிறது என்று அர்த்தமில்லை, அந்த அளவு பலம் என்பதற்கான மதிப்பீடு. கூடக்கூட பஞ்சர் குறையும், எடை கூடும், வளைந்துகொடுப்பது குறையும். பாறைக்கு 8 போதும் என்பது என் கருத்து. இங்கே அரிசோனாவில் எங்களுக்குக் கல்லை விட முள்தான் எதிரி. மெஸ்கீட் மரம் என்று பாதையெல்லாம் நிற்கும். முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்கு நம்ம ஊர்க் கண்மாய்க்கரையே வந்து நின்ற மாதிரி இருந்தது. நம்ம சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தம் அது, சீமைக்கருவேலமே இந்த அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதானே. அந்த முள் டயரின் பக்கவாட்டில் ஏறினால் பிளக் நிற்காது. நடுவில் ஏறினால் பிளக் கிட்டை வைத்து அஞ்சு நிமிஷத்தில் அடைத்துவிடலாம். அதனால் டயரைக் கையில் தொட்டு வாங்க முடிந்தால் பக்கவாட்டை அழுத்திப் பார். கல் உரசும் இடத்தில் தடிமனாக, பட்டன் பக்கவாட்டிலும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கவேண்டும். ரோட்டில் ஓட்டவும் நம்பர் பிளேட் எடுத்திருக்கிறாய் என்றால் டயரில் டி.ஓ.டி. முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். அதன் கடைசியில் இருக்கும் நாலு எண் தயாரான வாரமும் வருஷமும். 3522 என்றால் 2022-இன் 35-ஆவது வாரம். ஆஃபரில் வருகிற டயரில் இதைக் கேட்காமல் பணம் கட்டாதே. ஷெல்ஃபில் கிடந்தே ரப்பர் கெட்டிப்பட்டுப் போயிருக்கும்.

வண்டியில் உட்காருமா என்பதை வாங்கிய பிறகு பார்ப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. பழைய டயரை வைத்தே முன்கூட்டிப் பார்க்கலாம். முன் சக்கரம் ஒன்றை ஒரு பெரிய கல்லின் மேலோ ரேம்ப்பின் மேலோ ஏற்று. ஷாக் நன்றாக அமுங்கட்டும். கியரைப் பார்க்கில் போடு, பக்கத்து வீட்டுப் பையனை ஸ்டீயரிங்கில் உட்காரவை, முழுசாக இடது, முழுசாக வலது திருப்பச் சொல். நீ குனிந்து டயருக்கும் சுற்றியிருக்கிற எல்லாவற்றுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று டேப்பால் அள. பின் சக்கரத்திலும் அப்படியே, அங்கே முன்பக்கம் வருகிற ட்ரெய்லிங் ஆர்மையும் மட்கார்டையும் பார். புது டயர் எவ்வளவு உயரம் கூடுகிறதோ அதில் பாதி, கூட ஒரு இன்ச், அவ்வளவு இடைவெளி இருந்தால்தான் தைரியமாக வாங்கலாம். 33-க்கு மூன்று இன்ச் வேண்டும். 30-க்கு ஒன்றரை போதும்.

மாட்டிய பிறகு நான் செய்கிற ஒன்றைச் சொல்கிறேன். பூஜை அலமாரியில் இருக்கும் கோலமாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துக்கொள். பழைய பெயின்ட் பிரஷ்ஷால் மட்கார்டின் உள்பக்கம், கைகள், ஸ்டீயரிங் ராடு, பிரேக் ஹோஸ் போகிற இடம் எல்லாவற்றிலும் பூசிக் காயவிடு. அப்புறம் மேடு பள்ளமான இடத்தில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வா. மாவு எங்கே வழித்து எடுத்த மாதிரி போயிருக்கிறதோ அங்கே உரசுகிறது. காதில் கேட்காத உரசல்கூட இதில் தெரிந்துவிடும். எங்கள் வண்டியில் வலது பக்கம் பிரேக் ஹோஸுக்கு ஒரு விரல் தள்ளி மாவு போயிருந்தது. பார்க்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

உரசினால் ரிம்மை மாற்றி வெளியே தள்ளிவிடலாம் என்று கடையில் சொல்வார்கள். ரிம்மில் 5+2, 4+3 என்று எழுதியிருக்கும். ஏழு இன்ச் அகல ரிம்மில் நட் பிடிக்கும் இடத்துக்கு உள்ளே அஞ்சு இன்ச், வெளியே ரெண்டு இன்ச் என்றால் 5+2. முதல் எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே துருத்தும், உரசல் போகும். ஆனால் பேரிங்கின் மேல் நெம்புகோல் மாதிரி சுமை ஏறும், கல்லில் மோதும்போது ஸ்டீயரிங் கையை உதறும். வண்டியும் அகலமாகும். உன் வண்டி ஏற்கெனவே 64 இன்ச். காட்டுக்குள் சில பாதைகளில் 50 இன்ச்சுக்கு மேல் உள்ள வண்டிக்கே அனுமதி கிடையாது. 2008 மாடலாக வந்த முதல் ஆர்இசட்ஆரை அந்தப் பாதைகளில் போகட்டும் என்றுதான் 50 இன்ச் அகலத்தில் செய்தார்கள். நீ அந்த வரம்பைத் தாண்டித்தான் வாங்கியிருக்கிறாய், இன்னும் ஏன் அகலப்படுத்தவேண்டும்? இருக்கிற 14 இன்ச் ரிம்மையே வைத்துக்கொள். பழைய ரிம் செட் எங்காவது மலிவாகக் கிடைத்தால் ஒரு எச்சரிக்கை: உன் வண்டிக்கு நாலு நட், 156 மில்லிமீட்டர் வட்டம். கேன்-ஆம், ஹோண்டா, கவாசாகி பெரும்பாலும் 137. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், ஏறாது.

வண்டி உயர்ந்தால் கவிழ்வதும் எளிதாகும் என்பதை யாரும் ஆஃபர் விளம்பரத்தில் எழுத மாட்டார்கள். பக்கவாட்டுச் சரிவில் ஒரு இன்ச்சுக்கும் மதிப்பு உண்டு. கூரைமேல் ஸ்டெப்னி கட்டாதே, பின்னால் தாழ்வாகக் கட்டு. சீட் பெல்ட், பக்க வலை ரெண்டும் வீட்டு கேட்டைத் தாண்டுவதற்கு முன்னால் மாட்டியாகவேண்டும். குட்டிப் பையனை, சீட்டில் உட்கார்ந்தால் கால் வண்டியின் தரையில் ஊன்றுகிற வயசு வரும்வரை இதில் ஏற்றவே ஏற்றாதே, அவன் அம்மாவோடு ஜீப்பில் வரட்டும்.

காற்று பற்றி. கார் டயருக்கு அளக்கிற கேஜ் இங்கே உதவாது, 10 பிஎஸ்ஐக்கும் 13-க்கும் வித்தியாசம் அதில் சரியாகத் தெரியாது. 30 வரை மட்டும் காட்டுகிற சின்ன கேஜ் ஒன்று வாங்கு. வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சொன்ன அளவில் தொடங்கு, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அள. புது டயர் என்பதால் முதல் ரெண்டு மூன்று தடவை அந்த அளவிலேயே ஓட்டிப் பழகு. பாறைக்கு ஒவ்வொரு பிஎஸ்ஐயாக இறக்கிப் பார், டயர் கல்லின் மேல் கையை விரிக்கிற மாதிரி படியும்போது உனக்கே தெரியும். ரிம்மில் டயரின் ஓரத்தைப் போல்ட் போட்டுப் பிடிக்கிற பீட்லாக் உன்னிடம் இல்லை, அதனால் 10-க்குக் கீழே போகாதே. டயர் ரிம்மை விட்டுக் கழன்று வந்துவிடும், அதுவும் பக்கச் சரிவில் சக்கரத்துக்கு அதிகச் சுமை விழும்போதுதான் கழலும். திரும்பி வேகமான மண் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் காற்றை ஏற்று. சிகரெட் லைட்டரில் ஓடுகிற கம்ப்ரஸரை நம்பாதே, பேட்டரியில் நேராகக் கிளிப் போடுகிற மாதிரி வாங்கு. டயரை ரிம்மில் ஏற்றுகிற வேலையை வீட்டில் செய்யாதே. ஓரம் உட்காரவில்லை என்று காற்றை அடித்துக்கொண்டே போய் டயர் வெடித்துக் கையை இழந்தவர்கள் உண்டு. அதற்கான உச்ச அளவு டயரின் மேலேயே எழுதியிருக்கும். கடையில் விட்டுவிடு. மாட்டிக்கொண்டு வந்தபின் முதல் பத்து மைல் ஓடியதும் டார்க் ரெஞ்சை வைத்து நட் எல்லாவற்றையும் ஒரு தடவை இறுக்கிப் பார்.

ஓட்டுவதிலும் ஒன்று. கல்லில் ஏறும்போது ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றும். அப்போது காலை எடுத்துவிடு. ஆக்ஸிலரேட்டரை அமுக்கிக்கொண்டே இருந்தால் அது வேகமாகச் சுற்றியபடி தரையைத் தொடும், தொட்டவுடன் பிடிக்கும், அந்த அடி முழுக்க ஆக்ஸிலில் இறங்கும். டயர் பெரிசாகவும் கனமாகவும் ஆக அந்த அடியும் பெரிசாகும்.

சரி, உனக்கு என் தீர்ப்பு. 30x10ஆர்14, 8 பிளை, பாறைக்கும் மண்ணுக்கும் ஆன பொதுவான பட்டன், இருக்கிற ரிம்மிலேயே. கம்பெனி முன்னால் 9 இன்ச்சும் பின்னால் 11 இன்ச்சும் அகலம் கொடுத்திருக்கிறது. நாலையும் 10 ஆக்கிவிட்டால் ஒரே டயரை ஸ்டெப்னியாகக் கொண்டுபோகலாம். உன் ரிம்களின் அகலத்துக்கு 10 இன்ச் டயர் பொருந்தும் என்று கம்பெனி அட்டவணையில் பார்த்துவிட்டுச் செய். முன் ரிம்மும் பின் ரிம்மும் வேறு வேறாக இருந்தால் டயரை இடம் மாற்ற ரிம்மிலிருந்து கழற்றித்தான் ஆகவேண்டும், அதையும் நினைவில் வை. 29-க்கும் 30-க்கும் உயரத்தில் கிடைப்பது அரை இன்ச்தான், அதற்கா இவ்வளவு செலவு என்று நீ கேட்பாய். மோவாபில் உன்னை மேலே ஏற்றுவது அந்த அரை இன்ச் இல்லை. நல்ல ரப்பரும் சரியான காற்றும்தான் ஏற்றும். நாங்கள் 32-ஐ விற்றுவிட்டு 30-க்கு இறங்கி ரெண்டு வருஷம் ஆகிறது. அதே கிரவுன் கிங் பாதையில் மூன்று தடவை போய்விட்டோம். பெல்ட் கவரைத் திறக்கிற வேலையே வரவில்லை.

இருந்தாலும் ஸ்பேர் பெல்ட், அதைக் கழற்றுகிற ஸ்பேனர், தடித்த கையுறை மூன்றையும் ஒரே பையில் போட்டு சீட்டுக்கு அடியில் கட்டு. ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர். வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் டேப்பை எடுத்து நாலு சக்கரத்திலும் இடைவெளியை அளந்து எனக்கு அனுப்பு. முன் ரிம், பின் ரிம் அகலத்தையும் அனுப்பு. சனிக்கிழமை காலையில் மாமா வீட்டில்தான் இருப்பார், வீடியோ காலில் வண்டிக்கு அடியில் காட்டு, சேர்ந்தே ஆர்டர் போடலாம்.